பாதி பிடித்த ஆல்பம்

1998 பிப்ரவரி 25 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கிராமி விழா நடந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருது பாப் டிலனின் ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ தொகுப்புக்குப் போனது. போட்டியில் ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ இருந்தது. பால் மெக்கார்ட்னியின் ‘ஃப்ளேமிங் பை’யும் இருந்தது. 1962இல் முதல் ஆல்பம் வெளியிட்ட டிலன், தனிப்பாடகராக இந்த விருதைப் பெற்றது அன்றுதான். அதற்கு முன் 1973இல் ‘தி கான்செர்ட் ஃபார் பங்களாதேஷ்’ தொகுப்புக்காக ஜார்ஜ் ஹாரிசன், ரவிசங்கர் உள்ளிட்ட பலரோடு அதைப் பகிர்ந்துகொண்டிருந்தார். அமெரிக்க இசை விமர்சகர்களிடம் ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்திவந்த ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழின் 1997ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இந்த ஆல்பத்துக்கே முதலிடம்.

இத்தனை மரியாதையோடு வரும் ஓர் ஆல்பத்தை, டிலனின் அறுபதுகளின் புகழ்பெற்ற பாடல்களை மட்டும் அறிந்த ஒருவர் முதல்முறையாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாடல் அவரைப் பிடித்து உட்கார வைக்கும். இரண்டாவது ஓடிப்போகும். நடுவில் இரண்டு மூன்று பாடல்கள் மனதைக் கலக்கும். மற்றவை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாமல் நகரும். கடைசிப் பாடல் பதினாறரை நிமிடம். அது முடிவதற்குள் அவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்திருப்பார். பிடித்ததா என்று கேட்டால் பாதி பிடித்தது என்பார். உடனே, குறை தன் காதில்தானோ என்று தயங்குவார்.

அந்தத் தயக்கம் வேண்டாத ஒன்று என்பதே என் வாதம். நானும் அந்த வகைக் கேட்பாளன்தான். டிலனின் எல்லாத் தட்டுகளையும் சேர்த்து வைப்பவன் இல்லை. ஆனால் இந்த ஆல்பம் உருவான விதத்தைத் தேடிப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. பாதி மனது கேட்பவரிடம் தொடங்கவில்லை. பாடகருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே தீராமல் போன ஒரு வழக்கு இந்தத் தட்டுக்குள்ளேயே பதிவாகி இருக்கிறது. அதைத்தான் அவர் காது கேட்டிருக்கிறது.

குரலின் வயது

முதல் இடறல் குரல். 1997இல் டிலனுக்கு 56 வயது. 1988 ஜூனில் தொடங்கிய சுற்றுப்பயணத்தை நிறுத்தாமல் ஆண்டுக்குச் சுமார் நூறு கச்சேரிகள் என்ற கணக்கில் பாடிக்கொண்டிருந்தார். வயதாக ஆகக் குரல்நாண்களின் தசை மெலியும், இழுபடும் தன்மை குறையும். இரண்டு நாண்களும் முழுமையாகச் சேராமல் இடையே காற்று கசியும். மூச்சின் கொள்ளளவும் சுருங்குவதால் ஒரு நீண்ட வரியை ஒரே இழுப்பில் பாடுவது கடினமாகும். பல ஆண்டுகள் ஓயாமல் மேடை ஏறியவருக்கு இந்தத் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரலாம். இந்த ஆல்பத்தில் ஒலிக்கும் கரகரப்பும் வரியின் நடுவே அறுந்துவிடும் மூச்சும் இயல்பானவை.

ஆனால் அதை வெறும் தேய்மானமாகக் கேட்டால் பாதிதான் கேட்டிருக்கிறோம். டிலனின் முதல் ஆல்பம் 1961 நவம்பரில் இரண்டு நாட்களில் பதிவானது. அப்போது அவருக்கு 20 வயது. அந்தத் தட்டில் அவர் பாடிய பழைய ப்ளூஸ், ஃபோக் பாடல்களில் பலவற்றின் பொருள் சாவு: மரணப் படுக்கை, கல்லறை, இறுதி நேரம். மின்னசோட்டாவிலிருந்து வந்த அந்த இளைஞன், ஊர் ஊராகத் திரிந்து களைத்த ஒரு முதியவனின் தொண்டையைப் பூண்டுகொண்டு பாடினான். இடையில் அவர் வேறு குரல்களும் எடுத்திருக்கிறார். 1969இல் வந்த ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பத்தில் வழுவழுப்பான, ஆழ்ந்த ஒரு குரலில் பாடினார். புகைப்பதை நிறுத்தியதுதான் காரணம் என்று அப்போது சொன்னார். குரலை ஒரு வேடம்போல மாற்றிக்கொள்வது அவருக்கு இளமையிலிருந்தே பழக்கம். 55 வயதில் மயாமியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றபோது, 20 வயதில் நடித்துக் காட்டிய முதியவனைப் பாட அவருக்கு நடிப்பு அதிகம் தேவைப்படவில்லை.

பிரெஞ்சு சிந்தனையாளர் ரோலான் பார்த் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில் பாடும் குரலுக்குள் பாடகரின் உடல் எப்படிக் கேட்கிறது என்று ஆராய்ந்தார். இலக்கணச் சுத்தமாக உணர்ச்சியைத் தெரிவிக்கும் குரல் ஒன்று. தொண்டையும் நாக்கும் பல்லும் தெரியப் பாடும் குரல் இன்னொன்று. இரண்டாவதில்தான் அவருக்கு இன்பம். இந்த அளவுகோலில் டிலன் எளிதில் வென்றுவிடுவார். ஆனால் பார்த்தின் வாதம் ஒரு ரசனையின் விளக்கம். எல்லோர் காதுக்கும் பொருந்தும் சட்டம் என்று அதைக் கொள்ள வேண்டியதில்லை. ‘நாட் டார்க் யெட்’ பாடலில் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, சொற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறது. அங்கே கரகரப்பு பொருளோடு சேர்ந்துவிடுகிறது. ‘மில்லியன் மைல்ஸ்’ போன்ற ப்ளூஸ் பாடல்களில் அதே கரகரப்பு ஒரு பாணியாக, ஏற்கெனவே தெரிந்த முகபாவமாக நின்றுவிடுகிறது. ஒரே குரல் ஓரிடத்தில் உண்மையாகவும் இன்னோரிடத்தில் ஒப்பனையாகவும் ஒலிக்கலாம். மேலோட்டமாகக் கேட்பவர் இதை முதல் கேட்பிலேயே உணர்ந்துவிடுகிறார்; காரணம் சொல்லத்தான் அவருக்கு வராது.

இருவர் கட்டிய ஒலி

இரண்டாவது இடறல் ஒலி. பாடகரும் வாத்தியங்களும் ஒரு புகைமூட்டத்துக்குள் இருப்பதுபோல் கேட்கிறது. இந்த மூட்டம் தானாக வந்து படிந்ததல்ல. தயாரிப்பாளர் டேனியல் லன்வா திட்டமிட்டுப் போட்டது.

கனடாவைச் சேர்ந்த லன்வா, பீட்டர் கேப்ரியலின் ‘ஸோ’ ஆல்பத்தையும் பிரையன் ஈனோவோடு சேர்ந்து யூ2 குழுவின் ‘தி ஜோஷுவா ட்ரீ’யையும் தயாரித்துப் பெயர் பெற்றவர். பின்னர், ஏற்கெனவே புகழின் உச்சியைக் கண்டு இறங்கிய பாடகர்களுக்குப் புதிய ஒலி தருவதில் கைதேர்ந்தவர் ஆனார். 1989இல் நியூ ஆர்லியன்ஸில் டிலனின் ‘ஓ மெர்சி’, 1995இல் எம்மிலூ ஹாரிஸின் ‘ரெக்கிங் பால்’, 1998இல் வில்லி நெல்சனின் ‘டியாட்ரோ’ எல்லாம் அவர் கைவேலை. பாடகரைச் சுற்றி எதிரொலியும் நீண்டு அதிரும் கிதாரும் சேர்ந்த ஒரு சூழலை எழுப்புவது அவர் முறை. இதே காலத்தில் ரிக் ரூபின் நேர் எதிர்த் திசையில் போனார். 1994இல் ஜானி கேஷின் ‘அமெரிக்கன் ரெகார்டிங்ஸ்’ ஆல்பத்தில் அவர் ஒரு குரலையும் ஒரு கிதாரையும் மட்டும் விட்டுவைத்தார். மூத்த பாடகரின் தளர்ந்த குரலை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு ரூபின் துணியைக் களைந்தார், லன்வா போர்த்தினார்.

1990க்குப் பிறகு டிலன் சொந்தப் பாடல்களைக் கொண்ட ஆல்பம் எதையும் வெளியிடவில்லை. 1992, 1993 ஆண்டுகளில் வந்த இரண்டு தட்டுகளிலும் பழைய ஃபோக், ப்ளூஸ் பாடல்களைத் தனியாகக் கிதாரோடு பாடியிருந்தார். புதிய பாடல்களோடு லன்வாவிடம் வந்தபோது, சார்லி பேட்டன் முதலானோரின் பழைய தட்டுகளைக் கேட்கச் சொன்னார். மிசிசிப்பியின் ப்ளூஸ் பாடகரான பேட்டன் 1934இல் இறந்தவர். அவர் தட்டுகளில் இருக்கும் இரைச்சலும் மங்கலும் அன்றைய கருவிகளின் இயலாமையால் வந்தவை. பாடகர் அதைக் கேட்டு வாங்கவில்லை. டிலனுக்குப் பிடித்தது அந்தத் தட்டுகளின் உயிர். லன்வா அதை ஒரு சூழலாகப் புரிந்துகொண்டு 1990களின் கருவிகளால் திரும்பக் கட்டினார். பிணக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் இருந்த ஒரு பழைய திரையரங்கில் 1996இல் முன்னோட்டப் பதிவுகள் நடந்தன. 1997 ஜனவரியில் வேலை மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவுக்கு மாறியது. லன்வா தன் இசைக்கலைஞர்களை அழைத்து வந்தார்; டிலன் தன் சுற்றுப்பயணக் குழுவினரையும் தெற்கத்திய இசையில் ஊறிய மூத்தவர்களையும் சேர்த்தார். ஜிம் கெல்ட்னரும் பிரையன் பிளேடும் டிரம்ஸ், ஆகி மேயர்ஸும் ஜிம் டிக்கின்சனும் ஆர்கனும் பியானோவும், சிண்டி கேஷ்டாலர் ஸ்லைடு கிதார், பக்கி பாக்ஸ்டர் பெடல் ஸ்டீல். இத்தனை பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். பாடல்கள் அடுத்தடுத்த பதிவுகளில் சுருதி மாறின, வேகம் மாறின, சொற்களும் மாறின. இரண்டு டிரம்ஸ், பல கிதார்கள், இரண்டு விசைக் கருவிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது அடர்த்தி தானே வரும். அதன்மேல் லன்வாவின் எதிரொலியும் சேர்ந்தது. முதல் பாடலான ‘லவ் சிக்’கில் குரலே உடைந்த ஒலிபெருக்கி வழியாக வருவதுபோல் சிதைந்து ஒலிக்கும். அந்தப் பாடலுக்கு அது பொருந்துகிறது. காதலால் நோயுற்ற ஒருவன் நடுநிசியில் தெருவில் நடக்கும்போது அவனுக்குள் கேட்கும் குரல் அப்படித்தான் இருக்கும். அதே மூட்டம் பதினொரு பாடல்களுக்கும் தொடரும்போது அதன் காரணம் பாட்டிலிருந்து நழுவித் தயாரிப்பாளரின் கைரேகையாக மிஞ்சுகிறது.

இது என் கற்பனையல்ல. 2001இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்குக் கொடுத்த பேட்டியில் டிலனே இந்த ஆல்பத்தின் தாளங்கள் ஒன்றுபோலவே இருப்பதாகவும், லன்வா விரும்பும் சதுப்புநில மந்திர ஒலிக்குப் பதிலாகத் தாளத்தில் இன்னும் திடம் வேண்டியிருந்தது என்றும் குறைபட்டார். ‘மிசிசிப்பி’ என்ற பாடலை எப்படி வாசிப்பது என்பதில் இருவரும் ஒத்துப்போகாததால் அது ஆல்பத்திலேயே சேரவில்லை. ஷெரில் க்ரோ அதை 1998இல் பாடி வெளியிட்டார். டிலனின் சொந்தப் பதிவு 2001இல் ‘லவ் அண்ட் தெஃப்ட்’ ஆல்பத்தில் வந்தது. அந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் இடத்தில் ஜாக் ஃப்ராஸ்ட் என்ற பெயர் நிற்கிறது. அது டிலனின் புனைபெயர். லன்வாவோடு அவர் மறுபடி ஆல்பம் செய்யவில்லை.

பாடியவருக்கே முழு நிறைவு தராத ஓர் ஒலியை, போகிற போக்கில் கேட்பவர் முழுதாக ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது விசித்திரம். ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று அவர் சொன்னால், டிலன் பேட்டியில் சொன்னதையே தன் சொற்களில் சொல்கிறார்.

மரணம் என்ற விளம்பரம்

மூன்றாவது இடறல் ஆல்பத்துக்கு வெளியே இருந்து வருகிறது. 1997 மே மாத இறுதியில், 56ஆவது பிறந்தநாளையொட்டி, டிலன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றால் இதயத்தைச் சூழ்ந்த உறையில் வீக்கம். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் ரத்தானது. மீண்டு வந்ததும், மறைந்த பாடகர் எல்விஸைச் சந்திக்கப் போகிறோம் என்றே நினைத்ததாக வேடிக்கை பேசினார். செப்டம்பர் 27 அன்று போலோன்யாவில் போப் இரண்டாம் ஜான் பால் முன் பாடினார். மூன்று நாள் கழித்து ஆல்பம் வெளியானது. அதில் இருட்டும் சொர்க்கமும் நோயும் களைப்பும் மூடும் கதவுகளும். சாவின் வாசல்வரை போய்வந்தவர் எழுதிய பாடல்கள் என்று பத்திரிகைகள் கட்டிய கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

காலக்கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. பாடல்கள் எழுதப்பட்டதும் மயாமியில் பதிவானதும் நோய்க்கு முன்பு. மேலும் சாவைப் பாடுவது இவர் 20 வயதிலிருந்து செய்துவந்த தொழில். ‘ட்ரையிங் டு கெட் டு ஹெவன்’ பாடலின் சொற்றொடர்கள் பல பழைய அமெரிக்க நாட்டுப்பாடல்களின் பொதுச் சொத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ‘ஹைலேண்ட்ஸ்’ தன் தலைப்பையும் ஏக்கத்தையும் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸிடமிருந்து வாங்கியது; அதன் கிதார் அடி பேட்டனிடமிருந்து வந்தது. ‘நாட் டார்க் யெட்’டை இலக்கிய விமர்சகர் கிறிஸ்டோபர் ரிக்ஸ் 2003இல் வெளிவந்த தன் நூலில் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் நைட்டிங்கேல் பற்றிய கவிதையோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தார். இவை எல்லாம் ஒரு மரபுக்குள் நின்று செய்த வேலைகள். மருத்துவக் குறிப்பேடாக வாசிக்கத் தேவையில்லை.

மூத்த கலைஞரின் படைப்பை ‘இறுதிக்காலப் பாணி’ என்று பார்ப்பதற்கு ஒரு மதிப்புக்குரிய வம்சாவளி உண்டு. பீத்தோவனின் கடைசிப் படைப்புகளைப் பற்றி ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோ எழுதிய கட்டுரை 1937இல் வெளிவந்தது. அவற்றில் கனிந்த நிறைவு இல்லை, பிளவும் கரடுமுரடும்தான் இருக்கின்றன என்பது அவர் பார்வை. விமர்சகர் எட்வர்ட் சயீத் அதை விரித்து எழுதியது அவர் மறைவுக்குப் பின் 2006இல் நூலாக வந்தது. சமரசம் ஆகாத முரண்களைத் தீர்க்காமல் விட்டுவிடும் பிடிவாதத்தை அவர் அந்தப் பாணியின் அடையாளமாகக் கண்டார். ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’டைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருக்கிறது. ஆனால் டிலனின் இறுதிக்காலம் 1997இல் தொடங்கவே இல்லை. 2006இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2016இல் நோபல் பரிசு வந்தது. 2020இல், 79 வயதில், ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ வந்தது. விடைபெறல் என்று உலகம் கண்கலங்கிய ஆல்பத்துக்குப் பின்னும் அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் மேடையேறியிருக்கிறார். 2004இல் ‘லவ் சிக்’ பாடல் ஒலிக்க, பெண்களுக்கான உள்ளாடை நிறுவனம் ஒன்றின் தொலைக்காட்சி விளம்பரத்தில் டிலனே தோன்றினார். மரணப் பிரகடனமாக அந்தப் பாட்டைப் போற்றியவர்களுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்திருக்க முடியாது.

டேவிட் போவியின் ‘பிளாக்ஸ்டார்’ 2016 ஜனவரி 8 அன்று வந்தது, இரண்டு நாளில் அவர் இறந்தார். லெனர்ட் கோஹனின் ‘யூ வான்ட் இட் டார்க்கர்’ அதே ஆண்டு அக்டோபரில் வந்தது, மூன்று வாரத்துக்குள் அவரும் போனார். அங்கே வாழ்வும் பாட்டும் உண்மையிலேயே கைகோத்திருந்தன. டிலனின் ஆல்பத்தில் அந்தப் பிணைப்பு பத்திரிகைகள் கட்டியது. கேட்பவர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தட்டுக்கு வருகிறார். கலங்க வேண்டிய இடத்தில் கலங்காதபோது தன்னையே நொந்துகொள்கிறார். அவர் நொந்துகொள்ள வேண்டியதில்லை. கதையை எடுத்துவிட்டுக் கேட்டால், இந்தப் பாடல்களில் மரணத்தைவிட அதிகமாக இருப்பது விட்டுப்போன ஒரு பெண்ணை மறக்க முடியாத நடுவயது ஆணின் புலம்பல். அதிலும் சில இடங்களில் அவர் மனதைத் தொடுகிறார், சில இடங்களில் சலிப்பூட்டுகிறார். புலம்பலின் இயல்பு அது.

ஒரு பாட்டுக்கு இரண்டு வாசல்

இந்தத் தொகுப்பில் உலகம் முழுதும் அறிந்த பாட்டு ஒன்று உண்டு: ‘மேக் யூ ஃபீல் மை லவ்’. டிலனின் ஆல்பம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே பில்லி ஜோயல் அதைப் பாடி வெளியிட்டார். 1998இல் கார்த் ப்ரூக்ஸ் பாடியது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போனது. 2008இல் அடேல் தன் முதல் ஆல்பத்தில் பாடியபின், அது யாருடைய பாட்டு என்று தெரியாமலே திருமணங்களிலும் தொலைக்காட்சிப் போட்டிகளிலும் ஒலிக்கத் தொடங்கியது. இந்த வழியில் நுழைந்து மூலத்தைத் தேடி வருபவருக்கு டிலனின் பதிவு அதிர்ச்சி தரும். அடேல் ஒரு வாக்குறுதியாகப் பாடியதை இவர் கெஞ்சலாகப் பாடுகிறார். இந்தக் குரலில் அந்த வாக்குறுதியை எந்தப் பெண் நம்புவாள் என்றுகூடத் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், பொதுமக்கள் மிகவும் விரும்பிய இந்தப் பாட்டைத்தான் விமர்சகர்கள் பலர் ஆல்பத்தின் பலவீனமான இடம் என்றார்கள். வாழ்த்து அட்டைக்குரிய வரிகள் என்ற ஏளனமும் வந்தது. எனக்கு இரு தரப்பும் பாதி சரியாகப் படுகிறது. தனியாக எடுத்தால் இது எவர் குரலிலும் நிற்கக்கூடிய, கட்டுக்கோப்பான பாட்டு. ஆனால் ஆல்பத்தின் நடுவே, முன்னும் பின்னும் நம்பிக்கை தொலைத்த பாடல்கள் சூழ, அதன் உறுதிமொழிகள் வேறு பொருள் கொள்கின்றன. எதையும் செய்வேன் என்று சொல்பவனுக்கு இனிச் செய்ய எதுவும் மிச்சமில்லை என்பது அதற்கு முந்தைய பாடல்களைக் கேட்டவருக்குத் தெரியும். முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்கும் ரசிகருக்கு இந்தப் பயன் கிடைக்கும். ஒற்றைப் பாட்டாகக் கேட்பவருக்கு அடேலின் பதிவே மேல். இரண்டும் முறையான கேட்பே.

நீளத்தின் சிக்கல்

ஆல்பம் சுமார் 73 நிமிடம். ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ 27 நிமிடத்தில் முடிந்தது. பழைய எல்பி தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நல்ல ஒலியில் அடங்கும். அதனால் எதை விடுவது என்று முடிவெடுத்தே ஆக வேண்டியிருந்தது. குறுந்தகடு வந்தபின் அந்தக் கட்டாயம் போயிற்று. தொண்ணூறுகளின் ஆல்பங்கள் பலவும் இந்தத் தாராளத்தில் ஊதிப் பெருத்தவை. டிலனும் 1966இல் ‘ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்’டை இதே நீளத்தில் தந்திருக்கிறார். ஆனால் அது நான்கு பக்கங்களாகப் பிரிந்தது. தட்டைத் திருப்பும் இடைவெளிகள் இருந்தன, பாடல்களின் மனநிலையும் பக்கத்துக்குப் பக்கம் மாறியது. இங்கே ஒரே மனநிலை, ஏறத்தாழ ஒரே வேகம், இடைவெளியே இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

கடைசியில் ‘ஹைலேண்ட்ஸ்’. பாஸ்டனில் ஓர் உணவகம். ஆளே இல்லை. பணிப்பெண்ணுக்கும் பாடுபவருக்கும் இடையே வேகவைத்த முட்டையைப் பற்றியும், அவள் படத்தை வரைந்து தருவதைப் பற்றியும், பெண் எழுத்தாளர்களை அவர் படிப்பதுண்டா என்பதைப் பற்றியும் ஒரு நொண்டிப் பேச்சு. கிதார் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. எதுவும் நடக்காமலே பாட்டு முடிகிறது. ரசிகர்கள் இதை ஆல்பத்தின் சிகரம் என்பார்கள். எனக்கும் இது பிடிக்கும். இந்த ஆல்பத்தில் டிலன் சிரிக்கும் ஒரே இடம் இதுதான். ஆனால் பத்து இருண்ட பாடல்களைக் கடந்து களைத்து வரும் காதுக்கு அந்தச் சிரிப்பு எட்டுவதில்லை. பாட்டின் தரத்துக்கும் அது வைக்கப்பட்ட இடத்துக்கும் சண்டை.

உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதே அதன்மேல் விருப்பத்தைக் கூட்டும் என்று காட்டின. ரசிகர் என்பவர் பலமுறை கேட்டவர். அவருக்கு இந்த மூட்டமும் நீளமும் பழகி, பிறகு பிரியமாகிவிட்டன. அந்தப் பிரியம் பொய்யில்லை. ஆனால் முதல்முறை கேட்டபோது எது உறுத்தியது என்பதை அவர் மறந்திருப்பார். அந்த உறுத்தலுக்கு இன்னும் சாட்சி சொல்லக்கூடியவர், எப்போதாவது கேட்பவர் மட்டுமே.

திரும்பக் கலந்த ஒலி

இவ்வளவு வாதத்துக்கும் ஒரு சோதனை 2023 ஜனவரியில் கிடைத்தது. டிலனின் ‘பூட்லெக் சீரிஸ்’ வரிசையில் 17ஆவது தொகுப்பாக ‘ஃபிராக்மென்ட்ஸ்’ வெளியானது. அதில் விடுபட்ட பாடல்களும் மாற்றுப் பதிவுகளும் இருந்தன; முழு ஆல்பமும் மைக்கேல் பிராவர் என்ற ஒலிப்பொறியாளர் புதிதாகக் கலந்த வடிவில் இருந்தது. மூலப் பதிவுகள் அதேதான். லன்வா ஏற்றிய எதிரொலியும் சிதைவும் பெருமளவு நீங்கி, குரல் முன்னால் வந்து நின்றது. எந்தக் கிதார் யாருடையது, ஆர்கன் எங்கே நுழைகிறது என்பதெல்லாம் பிரித்துக் கேட்க முடிந்தது. டிலன் பக்கத் தீர்ப்பு ஒருவழியாக வெளிவந்துவிட்டது என்று கொண்டாடியவர்கள் உண்டு.

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் கேட்டால் தீர்ப்பு அத்தனை எளிதில்லை. ‘ஸ்டாண்டிங் இன் த டோர்வே’ தெளிவாக மேம்படுகிறது. குரலின் சிறு தயக்கங்கள் இப்போதுதான் காதில் விழுகின்றன. ‘நாட் டார்க் யெட்’ இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் ‘லவ் சிக்’ தன் அச்சத்தை இழக்கிறது. தெளிவாகிவிட்ட அந்தக் குரலில் நோயைக் காணோம். ‘கோல்டு அயர்ன்ஸ் பவுண்ட்’ பாடலில் தாளத்தின் இருண்ட உறுமல் தளர்கிறது. சில ப்ளூஸ் பாடல்கள் மூட்டம் விலகியபின் சாதாரணப் பாடல்களாகத் தெரிகின்றன. அவற்றின் கனத்தில் ஒரு பங்கு லன்வா ஏற்றியது என்பது அப்போதுதான் புரிகிறது. ஆக, பாடகர் குறைபட்ட ஒலிதான் சில இடங்களில் அவரைக் காப்பாற்றி இருக்கிறது. வேறு சில இடங்களில் அவரை மறைத்தும் இருக்கிறது. இருவரில் ஒருவர் சரி என்று தீர்க்கும் முயற்சியில் பிராவரின் கலவை, வழக்கில் இரண்டு பக்கமும் நியாயம் உள்ளது என்று காட்டிவிட்டது.

பாதி பிடித்த கேட்பாளரின் நிலை இதனால் மாறியதா? எனக்கு மாறவில்லை, இடம்தான் பெயர்ந்தது. முதலில் பிடிக்காத பாடல் ஒன்று இப்போது பிடித்தது, பிடித்த பாடல் ஒன்று இப்போது வெளிறியது. கூட்டிக் கழித்தால் பழைய பாதிதான்.

டிலன் தன் பதிவுகளை முடிந்த பொருளாக நடத்தியதே இல்லை. மேடையில் அவர் தன் பழைய பாடல்களின் மெட்டையும் வேகத்தையும் அடையாளம் தெரியாதபடி மாற்றுவதும், டிக்கெட் வாங்கியவர்கள் இது எந்தப் பாட்டு என்று விழிப்பதும் பல பத்தாண்டுக் கதை. 2003இல் ‘மாஸ்க்டு அண்ட் அனானிமஸ்’ படத்தில் அவர் பாடும் ‘கோல்டு அயர்ன்ஸ் பவுண்ட்’, ஆல்பத்தில் இருப்பதைவிட இறுக்கமாக, கடினமாக நடக்கிறது. லன்வாவிடம் கேட்டுக் கிடைக்காத தாளம் அதுதானோ என்று தோன்றும். பாடியவரே இப்படி எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கும்போது, 1997இல் அச்சான ஒரு வடிவத்தின் முன் கேட்பவர் மட்டும் கைகட்டி நிற்க வேண்டிய அவசியம் என்ன? மூத்த கலைஞர்களுக்கு நாம் செய்யும் பெரிய அவமரியாதை, அவர்களைத் தீர்ப்புக்கு அப்பாற்பட்டவர்களாக ஆக்குவது. அதன்பின் அவர்களை யாரும் கேட்பதில்லை. மாலை மட்டும் போடுகிறார்கள்.

விருதுக் குழுவினர் ஓர் ஆல்பத்துக்கு ஒரே வாக்குப் போட்டாக வேண்டும். கேட்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ‘லவ் சிக்’குக்கும் ‘கோல்டு அயர்ன்ஸ் பவுண்ட்’டுக்கும் 1997இன் பதிவை வைத்துக்கொள்ளலாம். ‘நாட் டார்க் யெட்’டையும் ‘ஸ்டாண்டிங் இன் த டோர்வே’யையும் 2023இன் கலவையில் கேட்கலாம். ‘மேக் யூ ஃபீல் மை லவ்’வை அடேலுக்கு விட்டுக்கொடுப்பதில் குற்றமில்லை. ‘ஹைலேண்ட்ஸ்’ஸைத் தனியாக, வேறொரு நாள், முன்னால் எந்தப் பாட்டும் இல்லாமல் கேட்டுப் பார்க்க வேண்டும். மற்றவற்றைத் தாண்டிப் போகலாம்; பிறகு எப்போதாவது திரும்பி வந்தால் வரலாம். இப்படிக் கேட்பவர் அந்த ஆல்பத்தைக் குறைவாக மதிப்பவர் அல்லர். அதன் இரண்டு ஆசிரியர்களும் முடிக்காமல் விட்ட வேலையில் அவர் தன் பங்கைச் செய்கிறார்.